‘குதிரைச் செஸ்ட்நட்’ மரத்தை இனம் காண்பது எப்படி?

கோபிசெட்டிபாளையம் வட்டாரத்தைச் சேர்ந்த அன்பர் ஒருவர் சென்ற மாதம் எனக்கு ஒரு சிறு தகர டப்பாவைத் தபாலில் அனுப்பியிருந்தார். உள்ளே பஞ்சில் பொதிந்த மூன்று கொட்டைகள். பெரிய நெல்லிக்காய் அளவு. மெருகு போட்ட தேக்குப் பலகையைப் போன்ற பளபளக்கும் கரும்பழுப்பு நிறம். ஒரு பக்கத்தில் மட்டும் பளபளப்பில்லாத, வெளிறிய ஒரு வட்டத் திட்டு. குடும்பத்துடன் முசூரிக்குச் சென்றிருந்தபோது மலைப்பாதை ஓரத்தில் பெரிய மரம் ஒன்றின் அடியில் இவை உதிர்ந்து கிடந்தனவாம். உடன் வந்த ஒருவர், “இதுதான் செஸ்ட்நட். வெளிநாடுகளில் சுட்டுத் தின்பார்கள். நல்ல விலைக்குப் போகும்” என்று கூறியிருக்கிறார். அன்பரும் ஒரு பை நிறையப் பொறுக்கிக்கொண்டு ஊர் திரும்பிவிட்டார். வீட்டில் நான்கைந்து கொட்டைகளைத் தணலில் சுட்டு, முதல் கொட்டையைப் பேரனிடம் கொடுத்திருக்கிறார். பையன் ஒரு கடி கடித்துவிட்டு, “கசக்குது தாத்தா” என்று துப்பிவிட்டான்.

அவர் கேட்டிருந்த கேள்விகள் மூன்று. இது என்ன மரம்? கசப்பை நீக்கிச் சாப்பிடலாமா? தம்முடைய மானாவாரி நிலம் இரண்டு ஏக்கரில் இதை நட்டால் வருமா?

டப்பாவைத் திறந்து பார்த்ததும் முதல் வேலையாக அவருடன் தொலைபேசியில் பேசினேன். பையன் துப்பியது நல்லதாயிற்று, நலமாக இருக்கிறான். மீதிக் கொட்டைகளைக் குழந்தைகள் கையிலும் ஆடுமாடுகள் வாயிலும் படாமல் எடுத்து வைக்கச் சொன்னேன். ஏனெனில் அவை செஸ்ட்நட் அல்ல. செஸ்ட்நட் என்ற பெயரை இரவல் வாங்கிக்கொண்ட, நஞ்சுள்ள வேறொரு மரத்தின் விதைகள். வடநாட்டு மலைகளுக்குச் சுற்றுலா செல்வோரும், பிள்ளைகளைப் பார்க்க லண்டன் வரை சென்று வரும் பெற்றோரும் இன்று நம் கிராமங்களில் நிறைய இருக்கிறார்கள். இதே குழப்பம் பலருக்கும் நேரக்கூடும் என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பெயர் வந்த வழி

உண்ணத்தக்க செஸ்ட்நட்டின் தாவரப் பெயர் ‘காஸ்டானியா சடைவா’ என்பதாகும். இது ஓக் மரக் குடும்பத்தைச் சேர்ந்தது. தென் ஐரோப்பாவில் பன்னெடுங்காலமாக உணவாகப் பயன்பட்டு வருவது. நம் நாட்டில் ஹிமாச்சலப் பிரதேசம் போன்ற குளிர்ந்த மலைப்பகுதிகளில் சிறிதளவு வளர்க்கப்படுகிறது.

நம் அன்பர் பொறுக்கி வந்தது ‘ஏஸ்குலஸ் இண்டிகா’ என்னும் இமயமலை மரம். காஷ்மீர் முதல் நேபாளத்தின் மேற்குப் பகுதி வரை, பெரும்பாலும் 1,000 முதல் 3,000 மீட்டர் உயரத்தில், ஈரமும் நிழலும் உள்ள மலைச்சரிவுகளில் இயற்கையாக வளர்வது. இந்தியில் ‘பன்கோர்’ என்றும், உத்தராகண்ட் மலைகளில் ‘பாங்கர்’ என்றும், ஹிமாச்சலில் ‘கானோர்’ என்றும் அழைப்பார்கள். ஆங்கிலத்தில் இதற்கு ‘இந்தியன் ஹார்ஸ் செஸ்ட்நட்’ என்று பெயர். இதன் ஐரோப்பிய உடன்பிறப்பு ‘ஏஸ்குலஸ் ஹிப்போகாஸ்டனம்’. கிரேக்கம், அல்பேனியா முதலிய பால்கன் நாடுகளின் மலைகளே அதன் தாயகம். 1576ஆம் ஆண்டில் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து வியன்னாவுக்கு அதன் விதை அனுப்பப்பட்டது. குளூசியஸ் என்ற தாவர அறிஞர் அதை அங்கே வளர்த்தார். அங்கிருந்து ஐரோப்பாவின் பூங்காக்களுக்கும் சாலை ஓரங்களுக்கும் பரவிற்று. லண்டன் பூங்காக்களில் இலையுதிர் காலத்தில் தரையெங்கும் கொட்டிக் கிடப்பது இம்மரத்தின் விதைதான்.

இருமல் கண்ட குதிரைகளுக்குத் துருக்கியர் இவ்விதையை மருந்தாகக் கொடுத்து வந்தனர். கிரேக்க மொழியில் ‘ஹிப்போஸ்’ என்றால் குதிரை. ‘காஸ்டனான்’ என்றால் செஸ்ட்நட். பெயர் அப்படி நிலைத்தது. இதைக் கேட்டுவிட்டு இது குதிரைத் தீவனம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அளவு மீறினால் குதிரைக்கும் இது நஞ்சுதான். ஆங்கிலத்தில் செடிகளின் பெயரில் ‘ஹார்ஸ்’ என்ற சொல் முன்னே வந்தால், முரடானது, மட்டமானது என்ற பொருளும் உண்டு. நம் முன்னோர் புடலைப் போலிருந்தும் கசந்து தொலைப்பதைப் ‘பேய்ப்புடல்’ என்றார்கள் அல்லவா? அவர்கள் கையில் இந்தக் கொட்டை கிடைத்திருந்தால் ‘பேய்ச் செஸ்ட்நட்’ என்று பெயரிட்டிருப்பார்கள். இந்தக் கட்டுரைக்குத் தேவையே இருந்திராது.

கொட்டை மட்டும் கையில் இருந்தால்

மரத்தைப் பார்க்க வாய்ப்பில்லை, கொட்டை மட்டும்தான் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முனையைப் பாருங்கள். உண்ணத்தக்க செஸ்ட்நட்டுக்கு ஒரு கூர்முனை இருக்கும். அந்த முனையில் காய்ந்த சிறு குஞ்சம் போன்ற நார் ஒட்டிக்கொண்டிருக்கும். குதிரைச் செஸ்ட்நட்டுக்குக் கூர்முனையும் கிடையாது, குஞ்சமும் கிடையாது. கூழாங்கல்லைப் போல வழவழவென்று உருண்டிருக்கும்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் உண்டு. செஸ்ட்நட் என்று நாம் தின்பது தாவரவியல்படி முழுமையான ஒரு காய். பூவின் சூல்முடி காய்ந்து அதன் நுனியில் குஞ்சமாக நிற்கிறது. குதிரைச் செஸ்ட்நட் என்று நாம் பொறுக்குவதோ காய்க்குள்ளிருந்து வெளியே விழுந்த விதை. விதைக்குச் சூல்முடி ஏது? அதில் காணும் வெளிறிய வட்டத் திட்டு, விதை காயோடு ஒட்டியிருந்த இடத்தின் வடு. நமக்குத் தொப்புள் இருப்பதைப் போல. ஒருமுறை காரணத்தைப் புரிந்துகொண்டால் அடையாளம் மறக்காது.

மேலோடு கிடைத்தால் இன்னும் எளிது. உண்ணத்தக்க செஸ்ட்நட்டின் மேலோடு முழுவதும் மெல்லிய ஊசிமுட்கள் நெருக்கமாக அடர்ந்திருக்கும். வெறுங்கையால் தொட முடியாது. உள்ளே பெரும்பாலும் இரண்டு மூன்று கொட்டைகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, ஒரு பக்கம் தட்டையாகி இருக்கும். ஐரோப்பிய குதிரைச் செஸ்ட்நட்டின் மேலோடு பச்சையாக, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குட்டையான முட்களோடு இருக்கும். நம் இமயமலை இனத்தின் மேலோட்டில் முள்ளே இராது. சொரசொரப்பான பழுப்புத் தோலுடன் முட்டை வடிவில் இருக்கும். ‘முள் இல்லை, ஆகவே இது நஞ்சில்லை’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அன்பருடன் வந்தவர் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்.

கடித்துப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்ற முறை மட்டும் வேண்டவே வேண்டாம்.

மரத்தடியில் நின்றால்

மரத்தை நேரில் பார்ப்பவர்களுக்கு இலை ஒன்றே போதும். ஒரே காம்பின் நுனியிலிருந்து ஐந்து முதல் ஒன்பது சிற்றிலைகள், பெரும்பாலும் ஏழு, விரித்த கைவிரல்களைப் போலப் பிரிந்திருக்கும். இலவ மரத்து இலையை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ அந்தத் தோற்றம்தான். ஆனால் இலவ மரத்தில் இலைகள் கிளையின்மேல் ஒன்று இந்தப் பக்கம், அடுத்தது சற்று மேலே வேறு பக்கம் என்று மாறி மாறி அமைந்திருக்கும். குதிரைச் செஸ்ட்நட்டில் ஒரே கணுவில் இரண்டு இலைகள் எதிரெதிராக அமைந்திருக்கும். நம் வேலியில் நிற்கும் நொச்சியில் இவ்வமைப்பைப் பார்க்கலாம். ஆக, இலையின் வடிவத்துக்கு இலவம், இலையின் அடுக்குக்கு நொச்சி. இந்த இரண்டையும் சேர்த்து மனத்தில் நிறுத்திக்கொண்டால் இமயமலையில் நூறு மரங்களுக்கு நடுவிலும் இதைக் கண்டுபிடித்துவிடலாம். உண்ணத்தக்க செஸ்ட்நட்டின் இலையோ தனி இலை. நீண்டு, ஓரங்களில் அரம்பப்பல் போன்ற வெட்டுகளோடு, மாறி மாறி அமைந்திருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் சிறு குழந்தையும் வேறுபடுத்திவிடும்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். ‘ஏழு விரல் இலை என்றால் எங்கள் ஊர் ஏழிலைப்பாலைதானே?’ என்று பயிற்சி முகாம்களில் பலமுறை கேட்டிருக்கிறார்கள். இல்லை. ஏழிலைப்பாலையில் ஒரு கணுவைச் சுற்றி ஏழு தனித்தனி இலைகள் வட்டமாக அமைந்திருக்கின்றன. குதிரைச் செஸ்ட்நட்டில் இருப்பது ஏழு சிற்றிலைகள் கொண்ட ஒரே இலை. எது இலை, எது சிற்றிலை என்று அறிய ஒரு வழி உண்டு. இலைக்காம்பு கிளையோடு சேரும் மூலையில் ஒரு சிறு மொட்டு இருக்கும். அந்த மொட்டு எங்கே இருக்கிறதோ அங்கிருந்துதான் ஓர் இலை தொடங்குகிறது. சிற்றிலையின் அடியில் மொட்டு இராது. இந்த ஒரு விதி தெரிந்தால் முருங்கை, வேம்பு, புளி என்று எந்த மரத்தின் இலையையும் சரியாகப் படிக்கலாம். தவிர, ஏழிலைப்பாலையைக் கிள்ளினால் பால் வடியும். குதிரைச் செஸ்ட்நட்டில் பால் கிடையாது.

இந்திய இனத்தையும் ஐரோப்பிய இனத்தையும் பிரித்தறிய வேண்டுமானால் சிற்றிலையின் அடியைப் பாருங்கள். இந்திய இனத்தில் ஒவ்வொரு சிற்றிலைக்கும் ஒரு குட்டையான காம்பு உண்டு. இலையும் குறுகலாக இருக்கும். ஐரோப்பிய இனத்தில் சிற்றிலைகள் காம்பின்றி நேரே ஒட்டியிருக்கும்; நுனிப்பக்கம் அகன்றிருக்கும். இலை உதிர்ந்த பிறகும் ஐரோப்பிய மரம் தன் அடையாளத்தை மறைப்பதில்லை. குளிர்கால மொட்டுகள் பிசின் பூசியதுபோல் விரலில் ஒட்டும். இலை விழுந்த வடு குதிரை லாடத்தின் வடிவில் இருக்கும். அதில் ஆணி அடித்ததுபோல் புள்ளிகளும் தெரியும். குதிரைப் பெயருக்கு இதுவும் ஒரு காரணம் என்பார்கள்.

பூக்கள் கோடையின் தொடக்கத்தில் வரும். வெண்ணிறக் கொத்துகள் கிளை நுனிகளில் கம்பங்கதிர் போல நிமிர்ந்து நிற்கும். நூற்றுக்கணக்கில் பூத்தாலும் ஒரு கொத்தில் சில காய்களே தங்கும். மாவிலும் முந்திரியிலும் உள்ள நிலைமைதான். பெரும்பாலான பூக்கள் ஆண்பூக்கள். ஐரோப்பிய இனத்தின் இதழ்களில் முதலில் மஞ்சள் புள்ளி இருக்கும். தேன் வற்றிய பிறகு அது சிவப்பாக மாறும். தேனீக்கள் மஞ்சள் புள்ளியுள்ள பூக்களையே தேடிச் செல்லும். ‘இங்கே இனி ஒன்றுமில்லை’ என்று கடைக்குப் பலகை மாட்டுவதைப் போல. நம் உண்ணிச்செடியிலும் பூக்கள் இப்படி நிறம் மாறுவதைக் காணலாம்.

உறவு யாரோடு?

நான் மாணவனாக இருந்த காலத்தில் இம்மரத்துக்குத் தனிக் குடும்பம் ஒன்று வகுத்திருந்தார்கள். அப்படியே மனப்பாடம் செய்து தேர்வும் எழுதினேன். 1998க்குப் பின் மரபணு ஆராய்ச்சியின் அடிப்படையில் தாவரக் குடும்பங்களைத் திருத்தி அமைத்தபோது அந்தத் தனிக் குடும்பம் கலைக்கப்பட்டது. இப்போது இம்மரம் ‘சபிண்டேசி’ குடும்பத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. சபிண்டேசி என்றால் யார்? நம் பூந்திக்கொட்டையின் குடும்பம்! லிச்சியும் ரம்புட்டானும் அதில் அடக்கம். ரசத்துக்கும் தோசைக்கும் பறிக்கும் முடக்கத்தான் கொடியும் அதே குடும்பம்தான்.

இலையை வைத்துப் பார்த்தால் இந்த உறவு தெரியாது. பூந்தி இலை இறகு போன்ற கூட்டிலை. முடக்கத்தானோ ஒரு கொடி. ஆனால் முடக்கத்தானின் காற்றடைத்த காயை உடைத்துப் பாருங்கள். மூன்று அறைகள், அறைக்கு ஒரு கருப்பு விதை, ஒவ்வொரு விதையிலும் இதய வடிவில் ஒரு வெள்ளைத் திட்டு. குதிரைச் செஸ்ட்நட்டின் காயும் மூன்று பிளவாக வெடிப்பது. விதையிலும் அதே போன்ற வெளிறிய திட்டு. தோற்றத்தில் செஸ்ட்நட்டின் அண்ணன் தம்பி போலத் தெரிந்த கொட்டை, உண்மையில் முடக்கத்தானுக்கும் பூந்திக்கும் பங்காளி.

இந்த உறவைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கொட்டையின் கசப்புக்கும் நஞ்சுக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. பூந்திக்கொட்டையை நீரில் கசக்கினால் நுரைக்கிறது. பட்டுச் சேலை அலசவும், நகையைத் துலக்கவும் அதைப் பயன்படுத்துகிறோம். நுரைக்கும் பொருளுக்கு ‘சபோனின்’ என்று பெயர். பூந்தியில் அது வெளிச்சதையில் இருக்கிறது. குதிரைச் செஸ்ட்நட்டில் அது விதைப் பருப்பிலேயே, மாவுச்சத்தோடு கலந்து இருக்கிறது. இந்த விதையின் சபோனினுக்கு ‘ஈசின்’ என்று பெயர்.

அன்பர் அனுப்பிய மூன்றில் ஒன்றை உடைத்துச் சோதித்தேன். ஒரு சிட்டிகைப் பொடியை ஒரு சிறு கண்ணாடிப் புட்டியில் இட்டு, பாதி அளவு நீர் விட்டு, நன்றாகக் குலுக்கி வைத்தேன். பக்கத்தில் பூந்திப் பொடி ஒரு புட்டி. இரண்டிலும் நுரை எழும்பிற்று. கால் மணி நேரம் கழித்தும் அடங்கவில்லை. பள்ளி மாணவர்களுக்குக் காட்ட நல்ல சோதனை. முடிந்ததும் கையைக் கழுவிவிட வேண்டும். ஆனால் நுரை வராத கொட்டையெல்லாம் தின்னத் தக்கது என்று இதைத் திருப்பிப் போட்டுக்கொள்ளக் கூடாது. நுரையாத நஞ்சுகள் எத்தனையோ உண்டு.

சபோனின் குடலை அரித்து வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும். நேரே இரத்தத்தில் கலந்தால் சிவப்பணுக்களை உடைக்கும். மீன்களுக்கு இது செவுள் வழியாகவே ஏறிவிடும். மீன் வளர்ப்போர் குளத்தில் குஞ்சு விடுவதற்கு முன் களைமீன்களைக் கொல்ல இலுப்பைப் பிண்ணாக்கு போடுகிறார்களே, அங்கே வேலை செய்வதும் இலுப்பையின் சபோனின்தான். இறால் குளங்களில் தேயிலை விதைப் பிண்ணாக்கு போடுவதும் இதே தத்துவத்தில். ஆகவே பூந்திக்கொட்டை ஊறவைத்த நீரையோ, இந்தக் கொட்டைகளையோ மீன் உள்ள பண்ணைக் குட்டையில் கொட்டிவிடாதீர்கள்.

கசப்பைக் கழுவித் தின்றவர்கள்

‘கசப்பை நீக்கிச் சாப்பிடலாமா?’ என்ற இரண்டாவது கேள்வி அசட்டுக் கேள்வி அல்ல. மலைமக்கள் சாப்பிட்டிருக்கிறார்கள். சுமார் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் டேராடூனில் ஒரு பயிற்சிக்குச் சென்றிருந்தபோது, சக்ராதாவுக்கு அப்பால் ஒரு மலைக்கிராமத்தில் இதைப் பார்த்தேன். விதையை உலர்த்தி, தோல் நீக்கி, இடித்து மாவாக்கி, துணி விரித்த கூடையில் இட்டு ஓடை நீர் அதன் மீது ஓடும்படி வைத்திருந்தார்கள். நாள் கணக்கில் அப்படியே கிடக்கும். சபோனின் நீரில் கரைவது, கரைந்து போய்விடும். மாவுச்சத்து கரையாமல் தங்கும். அதை உலர்த்திக் கோதுமை மாவுடன் கலந்து ரொட்டி சுடுவார்கள். கசப்பு முழுவதும் போயிற்றா என்பதற்கு அந்த வீட்டுப் பாட்டியின் நாக்குதான் அளவுகோல். தானியம் போதாத காலத்தில் கண்ட வழி அது. தானியம் கிடைக்கும்போது யாரும் அவ்வளவு பாடுபடுவதில்லை. ஜப்பானிலும் ‘டோச்சி’ என்னும் அந்நாட்டு இனத்தின் விதையைச் சாம்பல் சேர்த்துக் கசப்பெடுத்து, அரிசியோடு இடித்துப் பலகாரம் செய்கிறார்கள்.

சேலம் பகுதி அன்பர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. கசப்பு மரவள்ளியைத் துருவி, நீரில் அலசி, காயவைத்து நஞ்சை நீக்கும் முறையை அவர்கள் அறிவார்கள். அங்கே நஞ்சு வேறு. நீரைக் கொண்டு வெளியேற்றும் உபாயம் ஏறத்தாழ ஒன்று. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சுடுவதாலோ வேகவைப்பதாலோ மட்டும் இந்த நஞ்சு போகாது. நம் அன்பர் செய்தது அதைத்தான். தலைமுறை தலைமுறையாகச் செய்து பழகிய கைகளுக்குரிய வேலையை, ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு வீட்டில் முயல்வதை நான் ஒருபோதும் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒருமுறை கழுவியது போதவில்லை என்று தெரிவது தின்ற பிறகுதான்.

மலைமக்கள் இம்மரத்தின் இலைத்தழையைக் குளிர்காலத் தீவனத்துக்காகக் கழித்துச் சேமிக்கிறார்கள். மரம் மென்மையானது, தட்டு, தொட்டி, பழப்பெட்டி செய்ய உதவுகிறது. விதைப்பொடி துணி துவைக்கவும் ஆகும், பங்காளியின் குணம்!

ஈசினுக்கு மருத்துவ மதிப்பும் உண்டு. காலின் இரத்தக் குழாய்கள் தளர்ந்து வீக்கமும் வலியும் காணும் நோய்க்கு, அளவு கட்டித் தயாரித்த சாறு மாத்திரையாக ஐரோப்பாவில் பயன்படுகிறது. குறுகிய கால ஆய்வுகளில் பலன் தெரிந்திருக்கிறது. வயலில் நாள் முழுதும் நிற்பவர்களுக்கு இந்நோய் அதிகம் என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன். ஆனால் மருத்துவர் சொல்லும் மாத்திரை வேறு, பையில் கிடக்கும் கொட்டை வேறு.

இக்கொட்டைக்கு ஒருமுறை போர்க்களத்திலும் மதிப்பு வந்தது. நீலகிரி மாவட்டம் அருவங்காட்டிலுள்ள தொழிற்சாலைக்குப் பெயர் கொடுத்த ‘கார்டைட்’ என்னும் வெடிமருந்தைச் செய்ய ‘அசிட்டோன்’ என்ற திரவம் தேவை. முதல் உலகப்போரின்போது பிரிட்டனில் அது போதவில்லை. மக்காச்சோள மாவை ஒரு பாக்டீரியாவைக் கொண்டு புளிக்க வைத்து அசிட்டோன் எடுக்கும் முறையை வைஸ்மன் என்ற வேதியியல் அறிஞர் கண்டிருந்தார்; பிற்காலத்தில் இஸ்ரேலின் முதல் குடியரசுத் தலைவர் ஆனவர் இவர்தான். 1917ல் தானியத்துக்கே தட்டுப்பாடு வந்தபோது, மனிதர் தின்னாத மாவாகிய குதிரைச் செஸ்ட்நட்டைப் பொறுக்கித் தரும்படி பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டார்கள். எதற்கென்று சொல்லவில்லை, போர் இரகசியம். பிள்ளைகள் மலைமலையாகக் குவித்துவிட்டார்கள். ஏற்றிச் செல்ல வண்டி இல்லாமல் இரயில் நிலையங்களில் நிறைய அழுகிப்போயிற்று. கிங்ஸ் லின் என்ற ஊரின் ஆலைக்குச் சுமார் 3,000 டன் போய்ச் சேர்ந்தது. மாவு எதிர்பார்த்தபடி புளிக்காமல் தொல்லை கொடுக்க, 1918 ஜூலையில் வேலையை நிறுத்திவிட்டார்கள். கொள்முதலுக்கு முன் போக்குவரத்தை யோசிக்காத கதை நமக்கும் பழக்கமானதுதான்.

ஐரோப்பாவில் மரம் படும் பாடு

1984ஆம் ஆண்டு பால்கன் பகுதியில் ஓரிட் ஏரிக்கு அருகே இம்மரத்தின் இலைகளில் ஒரு புதுப் பூச்சி தென்பட்டது. 1986ல் அதைப் புதிய இனமாக விவரித்து ‘கேமராரியா ஓரிடெல்லா’ என்று பெயரிட்டார்கள். எலுமிச்சை இலையில் வெள்ளிக் கோடு போட்டுக்கொண்டு போகும் இலைத்துளைப்பானை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதைப் போலவே இதன் புழுவும் இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவில் இருந்துகொண்டு பச்சையத்தைத் தின்னும். 1989ல் ஆஸ்திரியா, 2002ல் பிரிட்டன் என்று சில ஆண்டுகளில் ஐரோப்பா முழுவதும் பரவிவிட்டது. கோடை முடியும் முன்பே மரம் முழுவதும் காய்ந்ததுபோல் பழுப்பாகிவிடும். மரம் சாவதில்லை, ஆனால் விதை சிறுத்துப்போகிறது.

கூட்டுப்புழுக்கள் உதிர்ந்த சருகிலேயே குளிர்காலத்தைக் கழிக்கின்றன. ஆகவே சருகைக் கூட்டி அள்ளி அழிப்பதும், நன்றாகச் சூடேறும்படி மூடி மக்க வைப்பதுமே அங்கே சொல்லப்படும் எளிய வழி. மருந்தடிக்கும் முன் துடைப்பத்தை எடு என்று நாம் இங்கே சொல்வது அங்கேயும் பொருந்துகிறது. இன்னொரு செய்தி: நம் இமயமலை இனத்தை இப்பூச்சி பெரிதும் தாக்குவதில்லை. அதனால் ஐரோப்பியப் பூங்காக்காரர்கள் பழைய மரத்துக்குப் பதிலாக இதை நட விரும்புகிறார்கள்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 1980ல் இந்திய விஞ்ஞானிகள் இமயமலை இனத்தின் இலைப்புள்ளி நோய்க்குக் காரணமான ஒரு பாக்டீரியாவை விவரித்தார்கள். ‘சூடோமோனாஸ் சிரிங்கே’ வகையைச் சேர்ந்தது. இங்கே அது இலையில் புள்ளி போடுவதோடு சரி. 2000க்குப் பின் வடமேற்கு ஐரோப்பாவில் குதிரைச் செஸ்ட்நட் மரங்களின் பட்டை வெடித்து, துருநிற நீர் வடிந்து, கிளைகள் காயத் தொடங்கின. காரணம் அதே பாக்டீரியாவின் நெருங்கிய வகை. சொந்த ஊரில் சாதுவாக இருந்தது வேற்றூரில் வேறு மரத்தைக் கொல்கிறது. 2019ல் வெளியான ஐரோப்பிய மரங்களின் சிவப்புப் பட்டியலில் ஐரோப்பிய குதிரைச் செஸ்ட்நட், அழியும் அபாயத்தை நோக்கிச் செல்லும் இனமாகச் சேர்க்கப்பட்டது.

லண்டனிலிருந்து திரும்பும்போது பேரப்பிள்ளைக்காக இரண்டு கொட்டைகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருபவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். விதையையோ செடியையோ நம் நாட்டுக்குள் கொண்டுவருவதற்கு 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத் தடுப்பு ஆணைப்படி அனுமதியும், ஏற்றுமதி நாட்டின் தாவர நலச் சான்றிதழும் தேவை. இரண்டு கொட்டைதானே என்பது வாதமாகாது. பாக்டீரியாவுக்கு ஒரு கொட்டையே அதிகம்.

நம் நிலத்தில் வருமா?

வராது. காரணங்களைச் சொல்லிவிடுகிறேன். முதலாவது, இவ்விதை மா, பலா விதைகளைப் போல ஈரம் உள்ளவரைதான் உயிரோடு இருக்கும். உலர்ந்தால் முளைப்புத்திறன் போய்விடும். நெல்லையும் உளுந்தையும் போல டப்பாவில் போட்டு வைத்து அடுத்த பருவத்தில் விதைக்க முடியாது. அன்பரின் கொட்டைகள் கோபி வெயிலில் இரண்டு வாரம் கிடந்தவை. குலுக்கினால் உள்ளே பருப்பு ஆடும் ஓசை கேட்டது. இரண்டாவது, குளிர்காலத்தில் இலையை உதிர்த்து உறங்கி, பனி விலகியதும் துளிர்க்கும் மரம் இது. கோபியின் மார்கழிக் குளிர் அதற்குப் போதாது. சித்திரை வெயிலோ இலையின் ஓரத்தைக் கருக்கிவிடும். நீலகிரி, கொடைக்கானல் உயரங்களில் அழகுக்கு ஒன்றிரண்டு வைத்துப் பார்க்கலாமே தவிர, பயிராக எண்ண இடமில்லை. மூன்றாவது, அப்படியே வந்தாலும் விற்பது யாரிடம்? செஸ்ட்நட் விலையை நினைத்துக்கொண்டு குதிரைச் செஸ்ட்நட் கன்றுக்குப் பணம் கொடுப்பவர், நாற்றங்காலில் நிற்கும்போதே நட்டத்தில் நிற்கிறார். எந்த நாற்றங்காலில் ‘செஸ்ட்நட்’ என்று கன்று காட்டினாலும் இலையைப் பாருங்கள். கைவிரல் போலப் பிரிந்திருந்தால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அன்பரின் டப்பாவை வெறுமனே திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. அதே குடும்பத்தின் நம்மூர்ப் பிள்ளையாகிய பூந்தியின் விதைகள் இருபதை அதில் வைத்து அனுப்பியிருக்கிறேன். மானாவாரிக்குத் தாங்கும். தோல் மிகக் கடினம் என்பதால் விதையின் ஒரு பக்கத்தை உப்புத்தாளில் இலேசாகத் தேய்த்து, வெதுவெதுப்பான நீரில் ஒரு நாள் ஊறவைத்துப் பைகளில் ஊன்ற வேண்டும். காய்க்கப் பல ஆண்டுகள் பிடிக்கும். ஆகையால் இரண்டு ஏக்கர் முழுவதும் வேண்டாம், எல்லை ஓரத்தில் மட்டும் நடும்படி எழுதியிருக்கிறேன். மீதமுள்ள முசூரிக் கொட்டைகளை ஆடு தோண்டாத ஆழத்தில், கிணற்றுக்கும் குட்டைக்கும் எட்டத் தள்ளிப் புதைத்துவிட்டதாக நேற்று அவரிடமிருந்து கடிதம் வந்தது. பேரன் ஒன்றை மட்டும் விளையாட வைத்துக்கொள்ளக் கேட்டானாம். கொடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறார்.